ஆற்றோரப் பூங்காவுக்குப் பக்கத்தில் 12 சென்ட்: அட்வான்ஸ் கொடுக்கலாமா?

கேள்வி: குமரி மாவட்டம் மாத்தூர் தொட்டிப்பாலம் பூங்காவுக்குப் பக்கத்தில், பறளியாற்றை ஒட்டி 12 சென்ட் ரப்பர் விளை (தோட்டம்) விலைக்கு வருகிறது. ஹோம்ஸ்டே கட்டலாம் என்று ஆசை. "ரோடு, பார்க்கிங், தண்ணி, கரண்ட் எல்லாம் அங்கேயே இருக்கு, பூங்காவும் ஆத்தோரமா நீளப் போகுது" என்கிறார் தரகர். நான் வளைகுடாவில் வேலையில் இருக்கிறேன். அட்வான்ஸ் அனுப்பலாமா?

பதில்: இப்போது அனுப்பாதீர்கள். இடத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் தரகர் அடுக்கிய வசதிகளில் ஒன்றுகூட அந்த 12 சென்ட்டுக்குச் சொந்தமானதில்லை.

1966-இல் கட்டிய தொட்டிப்பாலம் ஊருக்குச் சுற்றுலா இடம். அரசுக்கு அது கல்குளம், விளவங்கோடு பக்கத்து வயல்களுக்குத் தண்ணீர் கொண்டுபோகும் சானல் (கால்வாய்), அவ்வளவுதான். பார்க்கிங்கும் படிக்கட்டும் பூங்காவும் வருகிறவர்களுக்காகப் போட்டவை. உங்கள் விருந்தாளியும் சீட்டு வாங்கித்தான் வண்டி விடவேண்டும். பூங்காவில் விளக்கு எரிவதால் உங்கள் விளைக்கு இணைப்பு வந்துவிடாது, அதற்குத் தனியாக மனுப் போடவேண்டும்.

முதலில் பாதையைப் பாருங்கள். பட்டா, அ-பதிவேடு (நிலம் யாருடையது, என்ன வகை என்ற வருவாய்த்துறைப் பதிவு), புலப்படம் (நிலத்தின் அளவு வரைபடம்) மூன்றையும் அங்கிருந்தே இணையத்தில் எடுக்கலாம், வில்லங்கமும் பார்க்கலாம். புலப்படத்தில் உங்கள் சர்வே எண்ணைப் பொதுவழி தொடுகிறதா? தொடவில்லை என்றால் தரகர் காட்டிய ரோடு பெரும்பாலும் சானல் கரையாகவோ பக்கத்து விளைக்காரரின் தயவாகவோ இருக்கும்.

இதில் ஒரு விலக்கு உண்டு. அதை வைத்துத்தான் தரகர்கள் பிழைக்கிறார்கள் என்பதால் விளக்கமாகவே சொல்கிறேன். தனியார் நிலத்தின் வழியாக 20 வருடம் தடையில்லாமல், வெளிப்படையாக, உரிமையோடு நடந்திருந்தால் அது வழியுரிமையாகும். அரசு நிலம் என்றால் 30 வருடம். இங்கே 'உரிமையோடு' என்பது முக்கியம். "போய்க்கோ மக்கா" என்று பக்கத்து வீட்டுக்காரர் அனுமதித்து நடந்தது கணக்கில் வராது, எத்தனை வருடம் நடந்தாலும். சானல் கரையில் அதிகாரிகள் கண்டும் காணாமல் விட்டதையும் உரிமை என்று யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அப்படியே உரிமை இருந்தாலும் அதை நிலைநாட்ட நீதிமன்றப் படி ஏறவேண்டும். ஆள் நடந்த தடத்தில் ஜேசிபியும் விருந்தாளி காரும் போகலாமா என்பது அடுத்த வழக்கு. "எல்லாரும் இப்படித்தான் போறாங்க" என்பதற்கு ஒரு ரூபாய்கூட விலை கொடுக்காதீர்கள்.

அடுத்தது ஆறு. ஆற்றோர விளைகளில் பட்டாவில் 12 சென்ட் இருக்கும், தரையில் 9 இருக்கும். மீதியை ஆறு எப்போதோ அரித்திருக்கும். சில இடங்களில் இதற்கு நேர்மாறாக, ஆற்றுப் புறம்போக்கில் நாலு ரப்பர் மரம் நட்டு அதையும் சேர்த்து வேலி போட்டிருப்பார்கள். ஆற்றுப் புறம்போக்குக்குப் பட்டா கிடைக்காது. அதனால் நிலத்தை அளக்காமல் ஒப்பந்தம் போடவேண்டாம். அளவைக்குப் பணம் கட்டிவிட்டு நில அளவருக்காகக் காத்திருப்பது பெரிய எரிச்சல்தான். ஊராட்சியில் கேட்டால் தாலுகா ஆபீஸ் என்பார்கள், தாலுகாவில் கேட்டால் நீர்வளத்துறை என்பார்கள். இந்த அலைச்சல்தான் தரகருக்குத் தீனி. "நான் முடிச்சுத் தாறேன்" என்று அவர் நுழைவது இங்கேதான்.

பழைய ஆதாரத்தில் (பத்திரத்தில்) கல்குளம் தாலுகா என்றும் இப்போதைய பட்டாவில் திருவட்டாறு என்றும் இருந்தால் பயப்படவேண்டாம், இடையில் தாலுகா பிரிந்தது. குமரி தமிழ்நாட்டோடு சேர்ந்த 1956-க்கு முந்தைய மலையாள ஆதாரம் இருந்தால் மலையாளம் தெரிந்த ஒருவரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். தரகர் வாசித்துச் சொல்வது வேண்டாம். பெரிய விளையை மனைகளாகப் பிரித்து விற்கிறார்கள் என்றால் மனைப்பிரிவு அங்கீகாரம் கேளுங்கள். பவரை (உங்களுக்காகக் கையெழுத்துப் போடும் அதிகாரப் பத்திரத்தை) தரகர் பேருக்கு ஒருபோதும் எழுதிவிடாதீர்கள், கூடப்பிறந்தவர் யாராவது இருந்தால் அவர் பேருக்கு எழுதுங்கள்.

'பூங்கா நீளப் போகிறது' என்பதற்கு வருவோம். அரசாணை எண் கேளுங்கள், தரகர் பேச்சை மாற்றுவார். நிஜமாகவே ஆற்றோரமாக நீண்டால் யார் நிலத்தை எடுப்பார்கள் என்று யோசித்தீர்களா? ஆற்றை ஒட்டிக் கிடப்பது உங்களுடையது! 2013 நிலமெடுப்புச் சட்டப்படி இழப்பீட்டுக்கு வழிகாட்டி மதிப்பையும் (அரசு நிர்ணயித்த நில விலை) பத்திரங்களில் உள்ள விலைகளையும்தான் பார்ப்பார்கள். பத்திரத்தில் விலை குறைந்தால் இழப்பீடும் குறையலாம்; ஆனால் முத்திரைத்தாள் செலவு மிச்சம் என்று விலையைக் குறைத்து எழுதச் சொல்வதும் இதே தரகர்தான்.

கடைசியாக வெள்ளம். மேலே பெருஞ்சாணி அணை இருக்கிறது, முழு நீர்மட்டம் 77 அடி. உபரி நீரைத் திறந்தால் அது பறளியாற்றில்தான் வரும். 2021 நவம்பரில் குமரி மாவட்டம் பட்ட பாடு உங்களுக்கே தெரியும். வீட்டிலிருந்து ஒருவரை அனுப்பி, அப்போது தண்ணீர் எதுவரை ஏறியது என்று பக்கத்து வீடுகளில் விசாரிக்கச் சொல்லுங்கள், தரகர் கூடப் போகவேண்டாம். பாதை சரி, வெள்ள மட்டமும் சரி என்றால் அளந்து வரும் சென்ட்டுக்கு மட்டும் விலை பேசி, அதன் பிறகு அட்வான்ஸ் அனுப்புங்கள்.