பால், முட்டை உட்பட விலங்குகளிடமிருந்து வரும் எதையும் சாப்பிடாத வீகன் நான்; யோகா ஆசிரியராக இருக்கிறேன். வசதி இல்லாத மக்கள் வாழும் பகுதிகளில் இலவச வகுப்பு எடுக்க ஆசை. பலன் இருக்குமா, எப்படித் தொடங்குவது?

கண்டிப்பாகப் பலன் இருக்கும். நானும் வீகன்தான், யோகா சொல்லித் தருவதுதான் பிழைப்பு. கட்டணம் கட்டிப் படிப்பவர்களுக்கான வகுப்புகள் போக, துப்புரவு வேலைக்கும் கட்டட வேலைக்கும் வீட்டு வேலைக்கும் போகிறவர்கள் குடியிருக்கும் இடத்தில் மாலை வகுப்பும் எடுக்கிறேன். யோகாவையும் உணவுக் கொள்கையையும் ஒன்றாகச் சேர்த்துக் கொண்டுபோகாதீர்கள் என்பதுதான் உங்களிடம் நான் முதலில் கேட்டுக்கொள்வது. யோகா முன்னால் போகட்டும். சாப்பாட்டுப் பேச்சை அவர்களே எடுக்கும்வரை பொறுத்திருங்கள்.

யோகா வசதி உள்ளவர்களின் பொழுதுபோக்கு என்று யாராவது சொன்னால், அமெரிக்காவின் பாஸ்டனில் நடந்த ஓர் ஆய்வைச் சொல்லுங்கள். 2017-ல் வெளியானது. நாள்பட்ட இடுப்பு வலி உள்ள 320 பேர் அதில் இருந்தார்கள், பெரும்பாலோர் குறைந்த வருமானக்காரர்கள். ஒரு பிரிவுக்கு 12 வாரம் யோகா, இன்னொரு பிரிவுக்கு பிசியோதெரபி. வலி குறைவதிலும் அன்றாட வேலைகளைச் செய்ய முடிவதிலும் யோகா பிசியோதெரபிக்குச் சளைத்ததாக இல்லை. American College of Physicians என்ற அமெரிக்க மருத்துவர்கள் அமைப்பு அதே ஆண்டு வெளியிட்ட வழிகாட்டுதலும், நாள்பட்ட இடுப்பு வலிக்கு மாத்திரைக்கு முன்பு முயன்று பார்க்க வேண்டியவற்றில் யோகாவைச் சேர்த்திருக்கிறது.

ஆனால் எந்த யோகா என்பது முக்கியம். நாள் முழுக்கக் குனிந்து நிமிர்ந்து சுமை தூக்கிய உடம்புக்குச் சூரிய நமஸ்காரம் சுற்றுச் சுற்றாக வேண்டியதில்லை. அந்த உடம்பு ஓய்வு கேட்கிறது. என் வகுப்புக்கு மாடிப்படி துடைக்கும் வேலை பார்க்கும் ஓர் அம்மா வருகிறார். முழங்கால் மடங்காது, தரையில் சம்மணம் போட முடியாது. அவரை மல்லாந்து படுக்க வைத்து, இரண்டு கெண்டைக்காலையும் நாற்காலி இருக்கையின் மேல் தூக்கி வைத்தேன். தலைக்கடியில் மடித்த துண்டு. மூச்சை இழுப்பதைவிட விடுவது கொஞ்சம் நீளமாக இருக்கட்டும் என்று மட்டும் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் தோள்பட்டை இறங்கியது, இறுக்கி வைத்திருந்த விரல்கள் தானாக விரிந்தன. "முதுகு முழுசா தரையில படுது டீச்சர்" என்றார். அன்றைக்கு அவருக்கு வேறு எந்த ஆசனமும் சொல்லித் தரவில்லை.

ஒரு நாற்காலி, ஒரு சுவர், ஒரு துண்டு போதும். விரிப்பு வாங்கச் சொல்லாதீர்கள், வேலைக்குப் போன உடையிலேயே செய்யக்கூடியதைச் சொல்லிக் கொடுங்கள். குழந்தையைக் கூட்டிக்கொண்டு வந்தால் வரட்டும். குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால்தான் பல பெண்கள் இதுவரை எந்த வகுப்புக்கும் போனதில்லை.

மருத்துவப் பரிசோதனைக்கு ஒழுங்காகப் போக வாய்ப்பில்லாதவர்கள் நிறைய வருவார்கள் என்பதால் நீங்கள்தான் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். ரத்த அழுத்தமோ கண் அழுத்த நோயோ இருப்பவர்களுக்குத் தலைகீழ் ஆசனங்களும் மூச்சை அடக்குவதும் வேண்டாம். கர்ப்பிணிகளிடம் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். யோகாவை வெறும் வயிற்றில் செய்ய வேண்டும் என்று படித்திருப்போம். இன்சுலினோ சில வகைச் சர்க்கரை மாத்திரைகளோ எடுப்பவர் பட்டினியோடு வந்து பயிற்சி செய்தால் சர்க்கரை சடாரென்று இறங்கிவிடலாம். அவர்கள் ஏதாவது சாப்பிட்டுவிட்டு வந்து மெதுவாகச் செய்யட்டும். யோகா செய்தால் மாத்திரையை நிறுத்திவிடலாம் என்ற பேச்சு உங்கள் வாயிலிருந்து ஒருநாளும் வரக் கூடாது.

கேட்காமல் யாரையும் தொட்டுத் திருத்தாதீர்கள். அடி, உதை, வன்முறை பார்த்த பெண்கள் வகுப்பில் இருக்கலாம், அதை உங்களிடம் சொல்லவும் மாட்டார்கள். சிகிச்சையில் எளிதில் குணமாகாத, அதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சல் நோய் (PTSD) உள்ள 64 பெண்களை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2014-ல் வெளியானது. 10 வார யோகாவுக்குப் பிறகு அந்தப் பிரிவில் 52 சதவீதம் பேரிடம் அந்நோய்க்கான வரையறை பொருந்தவில்லை; நலக்கல்வி மட்டும் பெற்ற பிரிவில் அது 21 சதவீதம். கட்டளை போடாமல், செய்வதா வேண்டாமா என்பதை அவர்களிடமே விடும் முறை அது. அதனால் "கண்ணை மூடுங்க" என்று நான் சொல்வதில்லை, "மூடணும்னு தோணினா மூடிக்கலாம்" என்பேன். கதவைப் பார்த்து உட்கார விரும்புகிறவர்களை அப்படியே விடுவேன்.

இனி சாப்பாடு. "நீங்க பால், முட்டை எதுவுமே சாப்பிட மாட்டீங்களா?" என்று ஒருநாள் கேட்பார்கள். விலங்குகளை வதைக்கக் கூடாது என்பதால் சாப்பிடுவதில்லை என்று நேராகச் சொல்லுங்கள், கூச்சமே வேண்டாம். கூடவே வைட்டமின் பி12 பற்றியும் சொல்லுங்கள். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 2.4 மைக்ரோகிராம் தேவை. தாவர உணவிலிருந்து அதை நம்பிப் பெற முடியாது. மாத்திரையோ பி12 சேர்த்த உணவோ தொடர்ந்து எடுத்தாக வேண்டும். அது இல்லாமல் போனால் ரத்தசோகை வரும், நரம்பு பாதிக்கும். தாய்க்குப் பற்றாக்குறை இருந்தால் தாய்ப்பால் குடிக்கும் குழந்தையின் மூளை வளர்ச்சியே பாதிக்கப்படலாம். மாதாமாதம் மாத்திரை வாங்க முடியுமா என்பதே உறுதியில்லாத வீட்டில், இருக்கிற முட்டையையும் பாலையும் விடச் சொல்ல எனக்கு மனம் வராது. அகிம்சை யோகாவின் முதல் இயமம், அதாவது முதல் ஒழுக்க நெறி. அடுத்தவர் தட்டைப் பார்த்து அவரைக் குற்றவாளியாக்காமல் இருப்பதும் அதில் அடங்கும் என்றே நம்புகிறேன்.

எதை விட வேண்டும் என்பதைவிட எதைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று பேசுங்கள். பருப்பு, பயறு, நிலக்கடலை. கீரையோடும் பயறோடும் எலுமிச்சைச் சாறு சேர்ந்தால் இரும்புச்சத்து நன்றாக உடம்பில் சேரும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அது குறையும், கொஞ்ச நேரம் கழித்துக் குடிக்கச் சொல்லுங்கள். இதைக் கேட்டு வீட்டில் செய்து பார்த்தவர்களில் சிலர், பிறகு தாங்களாகவே என்னிடம் வீகன் உணவு பற்றி விவரம் கேட்டிருக்கிறார்கள்.

தொடங்கும் முன் அங்கே போய் இரண்டு கேள்வி கேளுங்கள்: எந்த நேரம் தோதுப்படும், உடம்பில் எங்கே வலிக்கிறது. சொன்ன நேரத்துக்கு வாரம் தவறாமல் போங்கள். பேனர் கட்டி ஒருநாள் முகாம் நடத்திவிட்டுப் போனவர்களை அந்த மக்கள் நிறையப் பார்த்துவிட்டார்கள். வகுப்பில் புகைப்படம் எடுக்காதீர்கள். சில மாதம் போனதும், வருபவர்களில் ஆர்வமுள்ள ஒருவரை உதவிக்கு நிறுத்தி, மெல்ல அவரையே நடத்தப் பழக்குங்கள். அவர் செலவிடும் நேரத்துக்குச் சம்பளம் கிடைக்க, நன்கொடை கேட்டாவது வழி செய்யுங்கள்.