நாம் இருக்கும் இடம் நம் பழக்கங்களை எந்த அளவுக்குத் தீர்மானிக்கிறது? மாற்றிக்கொள்ள என்ன வழி?

நாம் நினைப்பதைவிட அதிகமாகவே தீர்மானிக்கிறது. 'மன உறுதி இல்லை' என்று ஒருவரைத் திட்டுவதற்கு முன்னால், அவர் கைக்கெட்டும் தூரத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்பது என் கட்சி.

இதற்கு வலுவான சான்று வியட்நாம் போரிலிருந்து கிடைத்தது. அங்கிருந்த அமெரிக்கப் படைவீரர்களிடம் ஹெராயின் பரவிவிட்டது என்று 1971-ல் அமெரிக்க அரசு பதறியது. அங்கே அது மலிவு, சிகரெட்டில் கலந்து புகைத்துவிடலாம். ஊர் திரும்புமுன் எல்லோருக்கும் சிறுநீர்ப் பரிசோதனை நடந்தது. திரும்பியவர்களைத் தேடிப்பிடித்துப் பேசினார் லீ ராபின்ஸ் என்ற ஆய்வாளர். ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் வியட்நாமில் அடிமையாகவே இருந்திருக்கிறார். ஆனால் அவர்களில் ஊருக்கு வந்த முதல் ஆண்டில் மறுபடி அடிமையானவர்கள் சுமார் 5 சதவீதம்தான். பெரும்பாலோர் சிகிச்சைக்கே போகவில்லை! ஊரில் விலை அதிகம், போலீஸ் பயம், வீட்டில் கேட்பார்கள். இவை எல்லாமே சூழல்தானே?

சரி, பழக்கத்தை விடுவதற்காக எல்லோராலும் ஊர் மாற முடியாது. வீட்டுக்குள் நாலு சாமானை இடம் மாற்றலாம்.

என் அப்பாவுக்கு பிரஷர் வந்தபோது உப்பைக் குறைக்கச் சொன்னார்கள். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழே, அதாவது ஒரு டீஸ்பூனுக்கும் குறைவு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அம்மா தினமும் சொல்வார், அப்பா தினமும் தலையாட்டுவார். ஆனால் மாவடு ஜாடி சாப்பாட்டு மேசையின் நடுவிலேயே இருந்தது. மோர் சாதம் தட்டில் விழுந்ததும் அவர் இடது கை தன்னால் போய் ஜாடியை இழுக்கும். கண் டிவியை விட்டு நகராது. ருசிக்காக எடுக்கிறார் என்றுகூடச் சொல்ல முடியாது, கை பழகிவிட்டது.

அவரிடம் சொல்லிவிட்டு ஜாடியைச் சமையலறை மேல்தட்டுக்கு ஏற்றினோம். மேசையில் அதே இடத்தில் வெள்ளரிக்காயும் சின்ன வெங்காயமும் நறுக்கி வைத்தோம். இந்த இரண்டாவது வேலைதான் முக்கியம். வெறுமனே எடுத்துவிட்டால் கை அந்த இடத்தைத் தேடிக்கொண்டே இருக்கும். கொஞ்ச நாள் "மாவடு எங்கே?" என்று கேட்டார், அப்புறம் கேட்பது நின்றது. இப்போதும் ஆசைப்பட்டால் எழுந்து போய் எடுத்துக்கொள்கிறார், யாரும் தடுப்பதில்லை. எழுந்து போக வேண்டும் என்பதே பல நாள் போதுமான தடையாக இருக்கிறது.

நீங்களும் முதலில் பழக்கத்தைப் பார்க்காமல் அது நடக்கும் இடத்தைக் கவனியுங்கள். எந்த நாற்காலி, எந்த நேரம், அதற்கு முந்தைய நிமிடம் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்? படுக்கையில் போன் பார்ப்பவர் என்றால் சார்ஜரைக் கூடத்துக்கு மாற்றுங்கள், அலாரத்துக்குத் தனியாக ஒரு கடிகாரம் வாங்குங்கள்.

குடி அப்படியில்லை. தினமும் நிறையக் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம், உயிருக்கே ஆபத்தாகும். அங்கே பாட்டிலை ஒளித்து வைத்துப் பயனில்லை, முதலில் டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.