முதலில் நீதி, பிறகு ஊழ்வினைக் கதை

கேள்வி: என்மீது பொய்ப் புகார் வந்தது. விசாரணையே இல்லாமல் வேலையை விட்டு நீக்கிவிட்டார்கள். மேல்முறையீடு செய்யலாம் என்றால், "உன் தலைவிதி, விட்டுவிடு" என்கிறார்கள் வீட்டில். கோவலன் கொலையுண்டதற்கும் முற்பிறவி வினைதான் காரணம் என்கிறது சிலப்பதிகாரம். அப்படியானால் எதிர்த்து நின்று என்ன பயன்?

பதில்: உங்களுக்கு நடந்தது அநீதி. வீட்டார் என்ன சொன்னாலும் அதில் எனக்குச் சந்தேகமில்லை.

இனி சிலம்புக்கு வருவோம். பொற்கொல்லன் பேச்சைக் கேட்டுப் பாண்டியன் ஆணையிடும் இடத்தில் இளங்கோவின் வரி இது: "வினைவிளை காலம் ஆதலின் யாவதும் சினையலர் வேம்பன் தேரான் ஆகி". வினை விளையும் காலம் வந்தது என்கிறார். அதே மூச்சில், அரசன் ஆராயவில்லை என்றும் சொல்லிவிடுகிறார். ஊழைக் காட்டி அரசனின் குற்றத்தை அவர் மறைக்கவில்லை. கண்ணகியும் சபையில் வாய் திறந்ததும் 'தேரா மன்னா' என்றுதான் அழைக்கிறாள். ஆராயாமல் தீர்ப்புச் சொன்னவனே என்று. உங்கள் வழக்கும் இந்த ஒரு சொல்லில் அடங்கிவிடுகிறது.

சிலம்பு உடைந்து மாணிக்கப்பரல் தெறித்தபோது, விதி என்று சொல்லிப் பாண்டியன் தப்பித்திருக்கலாம். "யானோ அரசன், யானே கள்வன்" என்று சொல்லி உயிரை விட்டான்.

அந்த முற்பிறவிக் கதை எப்போது வருகிறது என்று கவனித்தீர்களா? அரசன் இறந்து, மதுரை எரிந்த பிறகு, கட்டுரை காதையில். முற்பிறவியில் கோவலன் சங்கமன் என்ற வணிகனை ஒற்றன் என்று பொய்யாகக் காட்டிக்கொடுத்துக் கொல்லச் செய்தான். அந்தச் சங்கமனின் மனைவி நீலி இட்ட சாபம் இப்போது பலித்தது என்கிறது மதுராபதித் தெய்வம். ஆக, அந்தப் பழைய வினையும் ஒரு பொய்ப் புகார்தான்! அதைச் சொல்ல வந்த தெய்வம் கண்ணகியின் முகத்துக்கு நேரே நிற்கவில்லை; "முன்னிலை ஈயாள் பின்னிலைத் தோன்றி" என்கிறார் இளங்கோ. எத்தனை முறை படித்தாலும் இந்த இடத்தில் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். நீதி கேட்டு முடித்தவளிடம், அதுவும் பின்னால் நின்றுதான், தெய்வமே ஊழைப் பற்றிப் பேசுகிறது. உங்களிடமோ கேட்கும் முன்பே சொல்லிவிட்டார்கள்.

கம்பனில் இராமன் "விதியின் பிழை" என்கிறான், உண்மைதான். ஆனால் நாட்டை இழந்தவன் அவன். தாய்மீதும் தம்பிமீதும் பழி விழாதிருக்க, அவனே மனமுவந்து சொல்வது அது. இன்னொருவர் அவன் வாயை அடைக்கச் சொன்னதல்ல. இலக்குவனோ அதையும் ஏற்காமல், விதிக்கும் விதியாகும் என் வில்தொழிலைப் பார் என்கிறான். கம்பன் இரண்டு குரலுக்கும் இடம் கொடுக்கிறான். "ஊழிற் பெருவலி யாவுள" என்று கேட்ட வள்ளுவரும், 620ஆம் குறளில், தளராது முயல்பவர் ஊழையும் புறங்காண்பர் என்கிறார்.

வீட்டாரிடம் கோபம் வேண்டாம். நீங்கள் மேலும் நோகக்கூடாதே என்ற பயத்தில் பேசுகிறார்கள். மேல்முறையீட்டை எழுத்தில் கொடுங்கள். புகாரின் நகலையும், எந்த ஆதாரத்தின்மேல் நீக்கினார்கள் என்பதையும் கேளுங்கள். கண்ணகி தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்று சொன்னதோடு நிற்கவில்லை, சபையிலேயே உடைத்துக் காட்டினாள். உங்கள் கையில் இருக்கும் கடிதம், பதிவேடு எதுவானாலும் இன்றே எடுத்து வையுங்கள். மேல்முறையீட்டுக்குக் காலக்கெடு இருக்கும், அதையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.