டிஜே பண்றதுக்கு டிஜிட்டல் வினைல் சாஃப்ட்வேர் எத எடுக்கறது?

டிஜிட்டல் வினைல்னா, டர்ன்டேபிள்ல நிஜமான தட்டு சுத்தும், ஆனா பாட்டு லேப்டாப்ல இருந்து வரும், அவ்ளோதான். அந்தத் தட்டுல டைம்கோடுன்னு ஒரு சிக்னல் பதிஞ்சிருக்கும், செராட்டோங்கற கம்பெனியோட தட்டுல அது 1000 ஹெர்ட்ஸ் விசில் சத்தம் மாதிரி இருக்கும், நீங்க தட்ட மெதுவா இழுத்தா அந்தச் சத்தம் இறங்கும், வேகமா தள்ளினா ஏறும், அத வெச்சு சாஃப்ட்வேர் வேகத்த கண்டுபிடிக்குது. இடது வலது சேனல் ரெண்டும் கொஞ்சம் முன்னபின்ன வர்றதால எந்தப் பக்கம் சுத்துதுன்னும் தெரிஞ்சிடும். கம்ப்யூட்டர் கேம்ல ஸ்டியரிங் பிடிச்சு ஓட்டற மாதிரிதான், கை சக்கரத்துல, வண்டி ஸ்க்ரீன்ல.

இப்ப எத எடுக்கறது? என்னைக் கேட்டா, மொதல்ல உங்க மிக்சரையோ சவுண்ட் கார்டையோ பாருங்க, ஏன்னா செராட்டோவோட சாஃப்ட்வேரான செராட்டோ டிஜே ப்ரோ, அது ஆதரிக்கற கருவியோடதான் டைம்கோடு ஓட்டும், சில கருவிக்கு தனியா லைசன்ஸும் வாங்கணும். மிக்ஸ்னு (Mixxx, கடைசில மூணு எக்ஸ் வரும்) இன்னொரு சாஃப்ட்வேர் இருக்கு, அது இலவசம், டர்ன்டேபிள் சிக்னல உள்ள வாங்கற சவுண்ட் கார்டு இருந்தா போதும், செராட்டோ தட்டையும் ஏத்துக்கும். ஸ்க்ராட்ச் பண்றவங்க, அதாவது தட்ட கையால முன்னபின்ன தள்ளி சத்தம் எழுப்பறவங்க, கை அசைஞ்சதுக்கும் சத்தம் வர்றதுக்கும் நடுவுல எவ்ளோ தாமதம்னு கண்டிப்பா பாக்கணும், பஃபர் சைஸ (சாஃப்ட்வேர் ஒரு தடவைக்கு எவ்ளோ சத்தத்த சேத்து வெச்சு அனுப்புதுங்கற அளவு) குறைச்சா தாமதம் குறையும், ரொம்ப குறைச்சா சத்தம் வெட்டி வெட்டி வரும். எஃபெக்ட்ஸ் எல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்.

பலர் தட்டுல கீறல் விழுந்தா பாட்டும் கரகரன்னு கேக்கும்னு நெனைக்கறாங்க, அப்படி இல்ல, பாட்டு ஃபைலுக்கு ஒண்ணும் ஆகாது, சிக்னல் சரியா படிக்க முடியாம பாட்டு தாவும், வேகம் தடுமாறும்.