எலிசபெத்தை யாருக்குக் கட்டிவைத்தார்கள்?

கேள்வி: நாங்கள் பத்துப் பேர் மாதம் ஒரு ஞாயிறு கூடிப் புத்தகம் பேசுகிறோம். இந்தத் தடவை தேர்வு என்னுடையது. சோழர் காலத் தொடர்கதைகளைப் படித்து வளர்ந்தவள் நான். வரலாற்று நாவல் என்றால் உயிர். ஸ்பெயின், மெக்சிகோ வரலாற்றை ஒரே நாவலில் அடக்கியது என்று கேள்விப்பட்டு, மெக்சிகோ எழுத்தாளர் கார்லோஸ் ஃபுயண்டஸின் 'டெர்ரா நோஸ்ட்ரா'வை ஆங்கிலத்தில் வாங்கி, எல்லோரையும் வாங்கவும் வைத்துவிட்டேன். எண்ணூறு பக்கத்துக்குக் கொஞ்சம்தான் குறைச்சல். நூற்றறுபதில் நிற்கிறேன். யாருக்கு யார் என்ன உறவு என்றே புரியவில்லை. இணையத்தில் தேடினால், ராஜாவின் மனைவியாக வருபவள் இங்கிலாந்து எலிசபெத்தாம்! எங்கள் வட்டத்தில் இருக்கும் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர், "இந்த அடிப்படைகூடத் தெரியாதவர் எழுதியதையா எங்கள் தலையில் கட்டினாய்?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டார். கூட்டத்துக்கு ஐந்து வாரம் இருக்கிறது. வேறு புத்தகத்துக்கு மாறிவிடலாமா?
— ஒரு வாசகி, கரூர்

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

மாற வேண்டாம். ஆனால் நூற்றறுபதாம் பக்கத்திலிருந்து தொடரவும் வேண்டாம். அது எப்படி என்று பிறகு சொல்கிறேன். முதலில் ஆசிரியரின் கேள்வியை எடுத்துக்கொள்வோம். பிழை என்று அவர் தொட்டுக் காட்டிய இடத்தில்தான் இந்த நாவலே இருக்கிறது.

நாவலில் வரும் ராஜா ஸ்பெயின் மன்னர் இரண்டாம் பிலிப்பை வைத்துச் செய்தவர். நிஜ பிலிப்புக்கு நான்கு கல்யாணம். இரண்டாவது மனைவி இங்கிலாந்து அரசி மேரி. 1558ல் மேரி இறந்துபோனாள். அரியணை ஏறிய எலிசபெத்தைப் பிலிப் பெண் கேட்டார். மனைவியின் தங்கைதான், வேறு தாய் வயிற்றுப் பெண். எலிசபெத் உடனே மறுக்கவும் இல்லை, ஒத்துக்கொள்ளவும் இல்லை, இழுத்தடித்தாள். அடுத்த வருஷம் பிலிப் பிரெஞ்சு இளவரசியைக் கட்டிக்கொண்டார். ஆக, பேச்சு வரைக்கும் வந்து நின்றுபோன சம்பந்தம் இது. ஃபுயண்டஸ் அதை நடத்திவைக்கிறார். பிறகு அவளை இங்கிலாந்துக்கே திருப்பியும் அனுப்பிவிடுகிறார்.

இதோடு நிற்கவில்லை. நிஜத்தில் பிலிப்பின் பாட்டி ஹுவானா. கணவனின் சவப்பெட்டியோடு ஊர் ஊராக அலைந்தவள். சுமார் 46 வருஷம் அடைபட்டுக் கிடந்து 1555ல் இறந்தவள். நாவலில் அவளே தாய். நடுவில் இருந்த பேரரசர் ஐந்தாம் கார்லோஸைக் காணோம்; அப்பாவின் பங்கும் மகன் தலையில் ஏறிவிடுகிறது. பிலிப் பட்டத்துக்கு வந்த 1556க்குள் மெக்சிகோ ஸ்பெயின் கைக்குப் போய் 35 வருஷம் ஆகிவிட்டது. நாவலிலோ புது உலகம் (அமெரிக்கக் கண்டம்) என்று ஒன்று இருக்கிற செய்தியே அப்போதுதான் அரண்மனைக்கு வருகிறது. நிஜ பிலிப்புக்குப் பிறகு மகன் மூன்றாம் பிலிப் ஆண்டார். நாவலின் ராஜா வாரிசில்லாதவர். ராணி நிலவறைக்குப் போய், பழைய ராஜாக்களின் பிணத்துண்டுகளைச் சேர்த்து ஒரு வாரிசைச் செய்து பார்க்கிறாள்!

தெரியாமல் எழுதுகிறவருக்கு இத்தனை பிழை கைகூடாது. சும்மா தப்பாக எழுதினால் அங்கொன்றும் இங்கொன்றும்தான் இடறும். இங்கே ஒவ்வொரு தப்பும் நடந்திருக்கக்கூடிய, ஆனால் நடக்காமல் போன ஒன்றைக் காட்டுகிறது. நாவலிலேயே இதற்கு ஒரு இடம் வைத்திருக்கிறார். வெனிஸ் நகரத்தில் காமிலோ என்ற அறிஞர் ஒரு 'ஞாபக அரங்கு' கட்டிவைத்திருப்பார். அப்படி ஒருவர் பதினாறாம் நூற்றாண்டில் நிஜமாகவே இருந்தார். உலக அறிவு முழுவதையும் படங்களாக அடுக்கிய அரங்கு ஒன்றைக் கனவு கண்டார். நாவலின் அரங்கில் ஓடுகிற படங்கள் வேறு மாதிரி. நடந்தவை அங்கே இல்லை. நடந்திருக்க வேண்டியவை, நடக்காமல் நின்றவைதான் இருக்கும். நீங்கள் கையில் வைத்திருக்கும் தடிப் புத்தகமும் அந்த அரங்குதான்.

சரி, ஸ்பெயினுக்கு நடக்காமல் போனது என்ன? 1492ஐ மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஜனவரியில் கடைசி இஸ்லாமிய அரசான கிரனாதா விழுந்தது. மார்ச் முடிவில், மதம் மாறாத யூதர்கள் வெளியேற வேண்டும் என்று ஆணை. ஆகஸ்டில் நெப்ரிஹா என்ற அறிஞர் காஸ்டிலிய மொழிக்கு, அதாவது இன்றைய ஸ்பானிய மொழிக்கு, முதல் இலக்கணம் போட்டார். அக்டோபரில் கொலம்பஸ் கரையைக் கண்டார். மொழிக்கு இலக்கணம் கிடைத்த அதே வருஷம், அந்த மண்ணில் நூற்றாண்டுகளாக ஒலித்த ஹீப்ரூவுக்கும் அரபிக்கும் கதவடைப்பு தொடங்கியது. டொலேடோ நகரத்தில் யூதர், கிறித்தவர், முஸ்லிம்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து அரபி நூல்களை மொழிபெயர்த்த காலம் ஒன்று இருந்தது. ஐரோப்பா தன் பழைய கிரேக்க அறிவில் பெரும்பங்கை அப்படித்தான் திரும்ப வாங்கிக்கொண்டது. அந்த வழியில் போயிருந்தால்? 1521ல், ராஜாவின் அதிகாரத்துக்குக் கடிவாளம் கேட்டு எழுந்த காஸ்டிலிய நகரங்கள் வில்லலாரில் தோற்றன. அவை ஜெயித்திருந்தால்? 1559ல் பிலிப், தன் குடிமக்கள் அயல்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் படிக்கக் கூடாது என்று தடை போட்டார். போடாமல் இருந்திருந்தால்?

நவீனம் என்பது வடக்கே இருந்து கடன் வாங்க வேண்டிய சாமான் அல்ல, நம் வீட்டிலேயே ஒரு காலத்தில் கருத்தரித்தது, நாமே கலைத்துவிட்டோம் என்பது ஃபுயண்டஸின் ஆற்றாமை. இதை ஒரு மெக்சிகோக்காரர் ஏன் இவ்வளவு வலியோடு எழுதுகிறார் என்று கேட்பீர்கள். மெக்சிகோ நகரத்தில் த்லாதெலோல்கோ என்று ஒரு சதுக்கம். ஸ்பானியர் வருவதற்கு முன் அங்கே ஆண்ட ஆஸ்டெக் மக்களின் கோயில் இடிபாடு, அதன் கல்லிலேயே கட்டிய ஸ்பானிய தேவாலயம், இருபதாம் நூற்றாண்டின் கான்கிரீட் அடுக்குமாடி, மூன்றும் ஒரே பார்வைக்குள் வரும். 1521ல் இந்த இடம் விழுந்தது வெற்றியும் அல்ல தோல்வியும் அல்ல, இன்றைய கலப்பின மெக்சிகோவின் வேதனையான பிறப்பு என்று அங்கே கல்லில் எழுதியிருக்கிறார்கள். அதே சதுக்கத்தில் 1968 அக்டோபர் 2 அன்று ராணுவம் மாணவர்களைச் சுட்டது. அப்போது குடியரசுத் தலைவராக இருந்தவரை 1977ல் ஸ்பெயினுக்குத் தூதராக நியமித்தார்கள். அன்றைக்குப் பிரான்சில் தூதராக இருந்த ஃபுயண்டஸ் பதவியைத் தூக்கிப் போட்டார். நாவல் வெளிவந்தது 1975ல். அதே வருஷம் நவம்பரில்தான் ஸ்பெயினின் சர்வாதிகாரி ஃபிராங்கோ இறந்தார். நானூறு வருஷத்துக்கு முந்தைய ராஜாவைப் பற்றிய கதை என்று யாரும் அதைப் படித்திருக்க மாட்டார்கள்.

கதையின் பெரும்பகுதி நடக்கும் அரண்மனையைக் கொஞ்சம் மனசில் வாங்கிக்கொண்டால் முதல் பாகம் இவ்வளவு படுத்தாது. அது எஸ்கோரியல். மட்ரிட் பக்கம், மலையடிவாரம். 1563ல் தொடங்கி 1584ல் முடித்தார்கள். ஒரே கட்டடத்துக்குள் அரண்மனை, மடம், தேவாலயம், நூலகம், கல்லறை. பிலிப்பின் படுக்கையறை சின்னது. படுத்தபடியே தேவாலயத்தின் பீடம் தெரிகிற மாதிரி திறப்பு வைத்தது. புனிதர்களின் எலும்பு, பல், முடி என்று ஏழாயிரத்துக்கும் மேல் சேர்த்துவைத்திருந்தார். 1570களில் தன் குடும்பத்துச் சவப்பெட்டிகளை எங்கெங்கிருந்தோ வரவழைத்தார். 1598ல் அந்தப் படுக்கையிலேயே செத்தார். இதெல்லாம் நிஜம், நாவலாசிரியர் கூட்டிச் சொல்ல அதிகம் மிச்சமில்லை. அவர் சேர்த்தது கட்டட வேலைக்காரர்களின் முணுமுணுப்பு. ஆடு மேய்ந்த இடம், ஊற்று இருந்த இடம், இன்றைக்கு வெறும் புழுதி என்று பேசிக்கொள்வார்களே, அந்தப் பக்கங்களை நீங்கள் தாண்டியிருப்பீர்கள். எனக்கு மறக்காதவை அவைதான்.

இனி, எப்படிப் படிப்பது. நாவலுக்கு மூன்று பாகம்: பழைய உலகம், புது உலகம், மற்ற உலகம். நீங்கள் நேராக இரண்டாவதுக்குப் போங்கள். மூன்றில் நேர்கோட்டில் போகும் கதை அதுதான். கடலைத் தாண்டிப் போய்வந்த ஓர் இளைஞன் ராஜாவுக்குச் சொல்லும் பயணக் கதை. கூடப் போன கிழவர் பெத்ரோ, வாழ்நாள் முழுக்க அடிமைப்பட்ட குடியானவர். கரை இறங்கியதும் ஒரு துண்டு மண்ணை வளைத்து வேலி போடுவார். இது என் நிலம். அந்த ஊர்க்காரர்களுக்கு அப்படி ஒரு சொல்லே விளங்காது. விட்டுக்கொடுக்க மாட்டேன் என்று நின்று சாவார். கொடுங்கோலனிடமிருந்து தப்பி வந்த நல்ல மனிதர் முதல் நாளே வேலி போடுகிறார். காலனியம் பற்றிப் பெரிய பெரிய புத்தகங்கள் சொல்வதை அந்தச் சில பக்கங்கள் சொல்லிவிடும்.

அதற்குப் பிறகு கண்ணாடி. இளைஞன் தன்னிடம் இருக்கும் முகக்கண்ணாடியை அங்கே ஞாபகங்களின் காவலராக இருக்கும் முதியவருக்குக் கொடுப்பான். தன் முகத்தைப் பார்த்த அதிர்ச்சியில் அவர் உயிரை விடுவார். மெக்சிகோவின் பழைய புராணத்தில் இதற்கு வேர் இருக்கிறது. தெஸ்கத்லிபோக்கா என்ற தெய்வத்தின் பெயருக்கே 'புகையும் கண்ணாடி' என்றுதான் அர்த்தம். அவன் காட்டிய கண்ணாடியில் இறகுப் பாம்புத் தெய்வமான கெட்சால்கோவாட்ல் தன் உருவத்தைக் கண்டு நடுங்கிப் போவான். நம் இளைஞனுக்குப் போகப் போகத் தெரியவருவது, அந்த இருவரும் தானேதான் என்று. அடையாளம் பற்றி இந்த நாவலுக்கு இருக்கும் பதில் அவ்வளவுதான். தத்துவம் பேசுகிற பக்கங்களில் தேடாதீர்கள்.

இத்தனையும் கேட்ட ராஜா என்ன செய்கிறார்? புது உலகம் கிடையாது என்று ஆணை போடுகிறார்! கேட்கக் கேலிக்கூத்தாக இருக்கும். ஆனால் சாஹகுன் என்ற ஸ்பானியத் துறவி, மெக்சிகோவின் பூர்வகுடிகளான நாவா மக்களிலிருந்து வந்த மாணவர்களோடு பல பத்தாண்டுகள் உட்கார்ந்து, அந்த மக்களின் வாழ்க்கையை அவர்கள் மொழியிலும் ஸ்பானிய மொழியிலும் பன்னிரண்டு புத்தகங்களாகத் தொகுத்தபோது, 1577ல் நிஜ பிலிப் அவற்றைப் பறித்து ஸ்பெயினுக்கு அனுப்பச் சொன்னார். இனி யாரும் அவர்களுடைய பழக்கவழக்கங்களைப் பற்றி எந்த மொழியிலும் எழுதக் கூடாது என்றார். நாவல் ராஜாவுக்கும் இவருக்கும் ரொம்ப தூரமில்லை.

இரண்டாம் பாகம் முடிந்ததும் முதல் பாகத்துக்குத் திரும்புங்கள். அப்போது இரண்டே அடையாளங்களைப் பிடித்துக்கொண்டால் போதும்: முதுகில் சிவப்புச் சிலுவைக் குறியும் காலுக்கு ஆறு விரலுமாக மூன்று இளைஞர்கள், உதட்டில் பச்சை குத்திய செலஸ்தினா. அவள் 1499ல் வந்த பழைய ஸ்பானிய நாடகத்திலிருந்து இறங்கி வந்தவள். டான் குவிக்ஸாட்டும் டான் ஹுவானும்கூட அப்படித்தான் வந்து போவார்கள். வம்ச மரம் போட்டுப் பார்க்காதீர்கள். நானும் முதல் தடவை ஒரு நோட்டில் போட்டேன். இருநூறாம் பக்கத்தில் ஒரே ஆள் மூன்று கிளையில் தொங்கினான். புத்தகத்தை மூடி அலமாரியில் வைத்து நாலு வருஷம். மறுபடி எடுத்தபோது பழைய பஸ் டிக்கெட் ஒன்று அதே பக்கத்தில் இருந்தது. அப்புறம்தான் இரண்டாம் பாகத்திலிருந்து தொடங்கினேன்.

குறை இல்லாத புத்தகம் என்று சொல்ல மாட்டேன். நூறு பக்கத்தை ஒருவர் தைரியமாக வெட்டியிருக்கலாம். பெண்கள் பல இடங்களில் ஆட்களாக இல்லை, குறியீடாக நிற்கிறார்கள். இன்னொன்று எனக்கு அதிகம் உறுத்துவது: புது உலகத்து மக்கள் முழுக்கப் புராண மூட்டத்துக்குள்ளேயே இருக்கிறார்கள். நிஜத்தில் நாவா மக்கள் ஸ்பானிய நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள், தங்கள் மொழியில் வரலாறு எழுதினார்கள். சிமால்பாஹின் என்ற நாவா வரலாற்றாசிரியர் எழுதியது இன்றைக்கும் இருக்கிறது. அந்த மனிதர்கள் இந்த அரங்கில் இல்லை. அப்புறம், வன்முறையும் காமமும் கூச்சமில்லாமல் வரும். வட்டத்தில் கல்லூரிப் பிள்ளைகள் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

மூன்றாம் பாகத்தை முடிக்க முடியாவிட்டாலும் கடைசி அத்தியாயத்தை மட்டும் எல்லோரும் படித்துவிட்டு வாருங்கள். 1999 டிசம்பர் 31, பாரிஸ். அங்கே லத்தீன் அமெரிக்க நாவல்களின் பாத்திரங்கள் உட்கார்ந்து சீட்டாடுவார்கள். 1531ல் ஸ்பானிய அரசு, கற்பனைக் கதைப் புத்தகங்களைப் புது உலகத்துக்குக் கப்பலேற்றக் கூடாது என்று உத்தரவு போட்டிருந்தது. புத்தகங்கள் போய்க்கொண்டுதான் இருந்தன என்பது வேறு விஷயம். அதை நினைத்துக்கொண்டு அந்தச் சீட்டாட்டத்தைப் படியுங்கள்.

ஆசிரியரோடு மல்லுக்கட்ட வேண்டாம். அவருக்கு ஒரு வேலை கொடுங்கள். நாவலில் இருக்கும் வரலாற்றுப் பிழைகளையெல்லாம் பட்டியல் போட்டு, ஒவ்வொன்றுக்கும் எதிரே உண்மையில் நடந்தது என்ன என்று எழுதி வரச் சொல்லுங்கள். கூட்டத்தை அவரே தொடங்கட்டும். அவரை விட்டால் அதைச் செய்ய உங்களில் வேறு ஆள் இல்லை. எலிசபெத்தை முதலில் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள், அது அவர் ஏற்கெனவே கண்டுபிடித்ததுதானே.