சொந்தக்காரர் கொடுக்கும் ரத்தம்தான் பாதுகாப்பானதா?

அம்மாவுக்கு ஆபரேஷன், ரத்த வங்கி ரத்தத்தில் எச்.ஐ.வி. இருந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது, சித்தப்பா மகனையே கொடுக்கச் சொல்லலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் ரத்த வங்கி லேபில் வேலை பார்க்கிறேன். சொந்தக்காரர் என்ற ஒரே காரணத்துக்காக அவரைக் கூப்பிடாதீர்கள்.

எந்த ரத்தப் பையாக இருந்தாலும் எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சி, சிபிலிஸ், மலேரியா ஐந்தும் சோதிக்காமல் வெளியே போகக் கூடாது, அது சட்டம். எலிசா என்பது ரத்தத்தில் கிருமிக்கான அடையாளத்தைத் தேடும் சோதனை. அதன் தட்டில் 96 சின்னக் குழிகள். கிருமிக்கான அடையாளம் இருந்தால் அந்தக் குழி மஞ்சளாகும். ஒரு குழி மாறினாலும் அந்தப் பையிலிருந்து பிரித்த சிவப்பணு, பிளாஸ்மா, தட்டணு எதையும் கொடுக்க மாட்டோம்.

ஆனால் தொற்று ஏற்பட்ட மறுநாளே எலிசாவில் தெரியாது. எச்.ஐ.வி.க்கு இரண்டு மூன்று வாரம் ஆகலாம். ஹெபடைடிஸ் சி ஆன்டிபாடி (கிருமியை எதிர்க்க உடல் உருவாக்கும் பொருள்) தெரிய இரண்டு மாதம்கூட ஆகும். வைரஸின் மரபணுவையே தேடும் நாட் சோதனை இந்த இடைவெளியை நன்றாகக் குறைக்கும், ஆனாலும் சில நாட்கள் மிச்சம் இருக்கும். நம் நாட்டில் அது கட்டாயமும் இல்லை. நீங்கள் போகும் இடத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள்.

அந்த நாட்களில் நம்மைக் காப்பாற்றுவது கொடையாளர் சொல்லும் உண்மைதான். குடும்பமே சுற்றி நிற்கும்போது, "எனக்கு இப்படி ஒரு பழக்கம் இருக்கிறது, நான் கொடுக்கக் கூடாது" என்று எந்தப் பையன் வாய் திறப்பான்? படிவத்தில் எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று டிக் போட்டுவிட்டுப் படுத்துக்கொள்வான். யாரும் வற்புறுத்தாமல், வழக்கமாக வந்து கொடுக்கிறவருக்கு அந்த நெருக்கடி கிடையாது. (நெருங்கிய ரத்த உறவு என்றால் அவர் கொடுத்த ரத்தத்தைக் கதிர்வீச்சுக்கு உட்படுத்தாமல் ஏற்றுவதில் வேறு ஆபத்தும் உண்டு. டாக்டரிடம் கேளுங்கள்.)

2018-இல் சாத்தூரில் கர்ப்பிணிக்கு எச்.ஐ.வி. ரத்தம் ஏற்றப்பட்டதை நினைத்தால் இன்றும் மனசு பதறுகிறது. கொடுத்த இளைஞர் உறவினருக்காக வந்தவர். 2016-லேயே அவர் ரத்தத்தில் தொற்று தெரிந்தும் அவருக்குத் தகவல் போகவில்லை. பிறகு தெரியவந்ததும் அவரேதான் ரத்த வங்கிக்குச் சொன்னார்.

அதனால், யார் கொடுத்தாலும் படிவத்தில் 'சோதனை முடிவைத் தெரிவிக்கலாமா' என்ற இடத்தில் 'ஆம்' போடச் சொல்லுங்கள். வீட்டுக்குப் போன பிறகு காய்ச்சல் வந்தாலோ, மறைத்தது உறுத்தினாலோ உடனே ரத்த வங்கிக்கு போன் செய்யச் சொல்லுங்கள். பை இன்னும் எங்கள் ஃபிரிட்ஜில் இருந்தால் எடுத்துவிடுவோம்.