விட்டுப்போன தடுப்பூசித் தவணை: மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டுமா?

கேள்வி: பத்தாவது வாரத்தில், ஐந்து நோய்களைத் தடுக்கும் பெண்டாவேலண்ட் தடுப்பூசியின் இரண்டாம் தவணையைப் போட்ட அன்று இரவு என் மகளுக்குக் காய்ச்சல் வந்து, தொடையும் வீங்கிவிட்டது. அந்தப் பயத்தில் மூன்றாம் தவணையைத் தவறவிட்டோம். இப்போது அவளுக்கு ஏழு மாதம் ஆகிறது. "மற்ற பிள்ளைகள்தான் போட்டுக்கொள்கிறார்களே, நமக்கு எதற்கு?" என்கிறார் மாமியார். இனி என்ன செய்வது?

பதில்: விட்ட இடத்திலிருந்தே தொடருங்கள். தவணைகளுக்கு இடையே குறைந்தது நான்கு வாரம் இருக்க வேண்டும் என்பதுதான் விதியே தவிர, இடைவெளி நீண்டுவிட்டால் முன்பு போட்டவை வீணாகிவிடும் என்று எந்த விதியும் இல்லை. உடலின் எதிர்ப்பு அணுக்கள் முதல் இரண்டு தவணைகளில் அறிந்துகொண்டதை மறப்பதில்லை. ஆனால் இரண்டோடு நிறுத்தினால் பாதுகாப்பு அரைகுறையாகவே நிற்கும்.

உங்கள் மாமியாரின் கேள்விக்கு நேராகவே பதில் சொல்ல வேண்டும். இந்த ஊசி தடுக்கும் ஐந்து நோய்களில் ஒன்றான ரண ஜன்னியின் (டெட்டனஸ்) கிருமி மண்ணில் வாழ்வது. ஒருவரிடமிருந்து மற்றவருக்கு அது தொற்றுவதில்லை. ஆகவே தெருப் பிள்ளைகள் அத்தனை பேரும் ஊசி போட்டிருந்தாலும், முற்றத்தில் தவழும்போது தகரம் கிழித்துவிட்ட குழந்தையை அது காப்பாற்றாது. தொண்டை அடைப்பான் (டிப்தீரியா) தொற்றக்கூடியது. தொண்டையில் சாம்பல் நிறச் சவ்வாகப் படர்ந்து மூச்சை அடைக்கும், அதன் நஞ்சு இதயத்தையும் தாக்கும். அது பழங்கதையும் அல்ல: 2016இல் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் பரவியபோது, பாதிக்கப்பட்டவர்களில் பலர் தடுப்பூசியே போடாதவர்கள் அல்லது பாதியில் விட்டவர்கள். கக்குவான் இருமலோ, பெரியவர்களுக்கு வாரக்கணக்கில் நீளும் வறட்டு இருமலாகத் தெரிந்தாலும், சில கைக்குழந்தைகளுக்கு இருமலே இல்லாமல் முகம் நீலம் பாரித்து மூச்சு நின்றுபோவதாக வரும். கல்லீரல் அழற்சி பி (ஹெபடைடிஸ் பி), மூளைக்காய்ச்சலையும் நிமோனியாவையும் உண்டாக்கும் ஹிப் கிருமி ஆகியவை மற்ற இரண்டு.

காய்ச்சலும் வீக்கமும் அடுத்த தவணையைத் தவிர்க்கக் காரணங்கள் அல்ல. இந்த ஊசியில் கக்குவான் கிருமி செயலிழக்கச் செய்யப்பட்டு முழுமையாகவே சேர்க்கப்படுவதால், ஓரிரு நாள் காய்ச்சல் வருவது இயல்பு. ஊசி போட்ட இடத்தைத் தேய்க்கக் கூடாது. ஈரத்துணி வைத்தால் போதும். பாராசிட்டமால் கொடுப்பதானால் ஒன்றில் மிகுந்த கவனம் வேண்டும்: சொட்டு மருந்தில் பொதுவாக ஒரு மில்லியிலேயே 100 மில்லிகிராம் இருக்கும், சிரப்பிலோ ஐந்து மில்லிக்குத்தான் ஏறக்குறைய அந்த அளவு. சிரப்பின் அளவில் சொட்டு மருந்தைக் கொடுத்துவிட்டால் ஆபத்து. எடைக்கேற்ற அளவைச் செவிலியரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். முந்தைய தவணைக்குப் பின் வலிப்பு, மூச்சுத்திணறல், மயக்கம் போன்றவை வந்திருந்தால் மட்டும், ஊசிக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். இலேசான சளிக்காகத் தள்ளிப்போட வேண்டாம்.

வரும் புதன்கிழமையே தடுப்பூசி அட்டையுடன் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் செல்லுங்கள். பதினான்காம் வாரத்தில் விட்டுப்போன போலியோ, ரோட்டா, நிமோகாக்கல் தவணைகளையும் அன்றே போட்டுக்கொள்ளலாம். ஊசிக்குப் பின் அரை மணி நேரம் அங்கேயே இருந்துவிட்டு, புறப்படும் முன் ஒன்பதாம் மாதத் தட்டம்மை-ரூபெல்லா ஊசிக்கான தேதியையும் அட்டையில் குறித்து வாங்கிக்கொள்ளுங்கள்.